நோயும் நுகர்வினையும்

வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். இவற்றுள் பிராரத்தம், தீக்கை பெற்றார்க்கும் உடலுள்ள துணையும் நுகர்ந்தே கழியும் என்பது சித்தாந்தத் துணிபு. இதுகொண்டு, தீராத நோயினர் படுந் துன்பத்தைத் தணிக்க முயலுதல் வினைநெறிக்கு மாறாம் என்பார் சிலர். அவர் கூற்றுப் பொருந்துமாறில்லை.

கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பற்றிய குளிர்சுரத்தைத் திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி நீக்கினார். வினைப்பயன் என்று சொல்லிக்கொண்டு விடுதலைக்கு முயலாதிருத்தல் குறைபாடேயாம் என்பது அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து. நோயைக் கூட்டும் இறைவனே அதனைத் தணிக்கும் மருந்தையும் ஊட்டுவார் அன்பையும் கூட்டுகின்றான் என்க.

1967ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலி உடலளவில் நில்லாது மனம், குடும்பம், ஆன்மா என்பவற்றையும் பற்றுவதெனக் கண்டார். கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு தோன்றிய கழகம் இப்பணியை நோயாளிகளின் இல்லங்களுக்கே கொண்டு சென்றது. இந்நோய்த்தணிப்பு மருத்துவம் சாவை விரைவிப்பதுமன்று, தள்ளிவைப்பதுமன்று. மார்பின் முதலிய மருந்துகளை அளவறிந்து கொடுத்து வலியைத் தணிப்பது. ஆதலின் உடல் நிற்குங் கால எல்லையை அது குறைப்பதில்லை. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு உடம்பு விளக்காகத் தரப்பட்டது என்ப. பொறுத்தற்கரிய வலி அவ்விளக்கை அலைக்குங் காற்றாகும். காற்றைத் தடுத்தல் விளக்கை அவித்தலாகாது.

இனி, முடிவு அண்மையில் உள்ளதென்பதை நோயாளிக்கு மறைத்தலே அன்பெனச் சுற்றத்தார் கருதுவர். அவனோ அவர்தம் முகக்குறிப்பாலும் அடங்கிய பேச்சாலும் பெரும்பாலும் அதனை உணர்ந்துவிடுகின்றான்; உணர்ந்தும் வினவுதற்கு ஒருவரின்றித் தனியே அஞ்சுகின்றான். பகை ஒழித்தல், கடன் தீர்த்தல், தீக்கை பெறாதான் அதனை வேண்டிப் பெறுதல், திருவைந்தெழுத்தை இடையறாது எண்ணுதல் ஆகியவற்றிற்குரிய நாள்களும் வீணே கழிகின்றன. மறைத்தல் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றே. ஆயின் அவன் மறைப்பு மலபரிபாகத்தின் பொருட்டு நிகழ்வது. சுற்றத்தார் மறைப்புக்கு அப்பயன் இல்லை.

நோயாளி எவ்வளவு அறிய விரும்புகின்றான் என முதற்கண் கேட்டு, அவ்வளவே இன்சொல்லாற் கூறி, கூறியபின் உடனிருத்தல் இம்மருத்துவத்தின் முறை. திருவையாற்றுப் பதிகம் ஒன்றில் ஞானசம்பந்தர், இறக்குங்கால் ஐம்பொறிகளும் கலங்குதலை மறையாது கூறி, அப்போது அச்சம் தீர்ப்பான் இறைவன் எனக் காட்டினார். மெய்யும் அபயமும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. நோயாளியின் படுக்கையருகே இருப்பார்க்கும் அவ்விரண்டுமே கடன்.