பெட்டியில் உள்ள பெயர் போதாது, பில்லில் முழு மாடல் எண் வேண்டும்

“ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கேமிங் பிசி, நம்ப முடியாத விலை.” இந்த மாதிரி விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். இருந்தும், பிள்ளைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு போகும் பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எத்தனையாவது தலைமுறை ஐ7, எந்த மாடல் கார்டு என்ற இரண்டு தகவல்களும் அந்த வரியில் இல்லை.

2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட ஐ7-2600-ம் ஐ7தான். அதற்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற விலை குறைந்த பிராசசருக்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். அது மட்டுமல்ல, அவ்வளவு பழைய பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ‘புதுசு’ என்று வாங்கிய கணினி, பாதுகாப்பு அப்டேட் இல்லாமலேயே வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஏஎம்டி பக்கமும் எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ரைசன் 5 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 5 5500-ல் 16 எம்பி. விளையாட்டில் இந்த வித்தியாசம் தெரியும்.

கிராஃபிக்ஸ் கார்டில் குழப்பம் இன்னும் ஆழமானது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும்; டிடிஆர்4 மெமரி உள்ளது 17 ஜிபியைக்கூட எட்டாது. பெயர் ஒன்று, மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 3050-ம் அப்படியே. 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள்தான், மெமரி பாதையும் குறுகலானது. ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஸ்ட்ரீம் பிராசசர்கள் இருக்க வேண்டும். ‘2048எஸ்பி’ என்ற ஒட்டுடன் வருவதில் 2048 மட்டுமே. இவை எல்லாம் நிறுவனங்களே முறையாக வெளியிட்டவை. ஒரே பெயரை இரண்டு தரத்துக்கு வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து. ஆனால் பெட்டியில் விவரம் அச்சாகியிருந்தால் வழக்கில் அதையே காட்டித் தப்பிக்க முடியும். எனவே படித்துப் பார்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

முழுப் போலிகள் வேறு ரகம். 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளில் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினால், இத்தகைய என்விடியா போலிகள் பலவற்றில் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டிவிடும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பழைய கார்டு வாங்குவதில் தவறில்லை. 2022 செப்டம்பர் 15-ல் எத்திரியம் நாணயத்துக்கான மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. அரை மணி நேரமாவது ஒரு கனமான கேமை ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: யாரோ ஒருவர் தான் பயன்படுத்திய கார்டைத் தனிப்பட்ட முறையில் விற்றால் நுகர்வோர் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு குறையும்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், 1080பி திரைக்கு ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600 போதும். மிச்சமாகும் பணத்தை 8 ஜிபி மெமரியுள்ள கார்டிலும், கேபினெட்டோடு சும்மா தரப்படும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதிலாக நல்ல நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸிலும் போடுங்கள். இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு வாரண்டிக்குப் போனால், திரும்பி வரும்வரை திரையில் எதுவும் வராது. படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து ‘எஃப்’ இல்லாததை வாங்குவதே நல்லது. பிராசசர் பெட்டியோடு வருகிறதா, ‘டிரே’யா என்றும் கேளுங்கள். பெட்டி பிராசசருக்கு இன்டெல் நேரடியாக 3 ஆண்டு வாரண்டி தருகிறது. டிரே பிராசசருக்கு விற்றவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

இனி பில். “பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்” என்ற பேச்சு சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எந்த ஊர் கணினிக் கடையிலும் காதில் விழலாம். அந்த 18 சதவீதத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் ஒரே ஆதாரத்தை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் அதற்கு 30 நாள் கெடு. பில்லில் ‘கிராஃபிக்ஸ் கார்டு - 1’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். நிறுவனம், முழு மாடல், மெமரி அளவு, சீரியல் எண், வாரண்டி காலம், கடையின் ஜிஎஸ்டி எண் அனைத்தும் இருக்க வேண்டும். விற்பவர் சொன்னதும் கொடுத்ததும் வேறு என்று நிரூபிக்க அந்த ஒரு வரி போதும். பணம் கொடுப்பதற்கு முன்பே சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து கைப்பையில் வந்த கார்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

கடையும் நிறுவனமும் கைவிரித்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். உங்களிடமும் ஏமாந்து வாங்கிய கார்டு ஒன்று கிடந்தால், பில்லில் உள்ள தேதியை இன்றே பாருங்கள். கெடு இருந்தால் 1915-ஐ அழையுங்கள்.