கடல் குறுக்கிடும் ஊரில் காரின் வழிகாட்டித் திரை

காரின் டேஷ்போர்டில் பதிந்தே வரும் நேவிகேஷன் திரை, தனக்கு வேண்டிய வரைபடத்தை எஸ்.டி. கார்டிலோ உள் நினைவகத்திலோ வைத்திருக்கிறது. கைபேசி செயலியோ, முன்கூட்டியே இறக்கி வைத்தால் ஒழிய, அதை இணையத்திடம் கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. அந்தமான் தலைநகரில் கப்பல்கள் வந்து நிற்கும் பகுதியான ஹேடோவில் உறைக்கும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வரும்வரை, அந்தமானின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பி ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது நகரில் வேகத்துக்குக் குறைவில்லை. அந்தமான் ட்ரங்க் ரோட்டில் வடக்கே போய்க் காட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் அறுந்துபோகும். காரின் திரை மட்டும் தன் பாட்டுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும்.

இருக்கும் இடத்தை அறிய இணையம் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சைகை கிடைத்தால், அந்தச் சைகைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி கணக்கிட்டுவிடும். அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கிய பிறகுதான் பொதுமக்களின் ஜிபிஎஸ் தெரு மாறாமல் வழிகாட்டும் அளவுக்குத் துல்லியமானது. இஸ்ரோவின் நாவிக் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு இந்தியாவையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. 2023 மே மாதம் ஏவப்பட்ட அதன் என்விஎஸ்-01 செயற்கைக்கோள், சாதாரண ஜிபிஎஸ் சில்லுகள் கேட்கும் எல்1 அலைவரிசையிலும் பேசுகிறது. பழைய காரின் திரைக்கு இதனால் பயன் இல்லை. ஏற்பிச் சில்லே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அடர்ந்த மரக்கூரையின் கீழ் சைகை மங்கும்போது பதிந்த கருவிக்கு இன்னொரு பலம் உண்டு. பல கார்களில் அது சக்கரம் எவ்வளவு உருண்டது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைச் சென்சார்களிடம் கேட்டு, இடத்தை ஊகித்துக்கொண்டே போகும். செயற்கைக்கோளுக்கும் முந்திய உத்தி இது. 1981இல் ஹோண்டா வெளியிட்ட எலெக்ட்ரோ கைரோகேட்டர், ஒளிபுகும் வரைபடத் தாளைத் திரைமேல் வைத்து இப்படித்தான் வழி காட்டியது.

ஹேடோவில் இக்கருவியின் அறிவுக்குச் சோதனை வருவது தண்ணீரில். ஹேடோவை ஒட்டிய சாத்தம் தீவுக்குப் பாலம் உண்டு. அங்கிருந்து வாகனங்களை ஏற்றும் ஃபெர்ரி பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிறது. மவுண்ட் ஹாரியட் மலைக்கு இந்த வழியில் சுமார் 15 கி.மீ.; விரிகுடாவைச் சுற்றிச் சாலையிலேயே போனால் சுமார் 55 கி.மீ. எந்த வழியைத் திரை காட்டும் என்பதை ‘ஃபெர்ரியைத் தவிர்’ என்ற ஒரே ஒரு அமைப்பு தீர்மானிக்கிறது. அது தெரியாமல் ஆன் செய்யப்பட்டிருந்தால், ஜெட்டி பக்கத்திலேயே இருக்கும்போது 40 கி.மீ. கூடுதலாகச் சுற்ற நேரும். ஆஃப் செய்தாலும் முழு நிம்மதி இல்லை. அடுத்த ஃபெர்ரி எப்போது, முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை.

ட்ரங்க் ரோட்டிலும் இதே கதைதான். ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியாகச் செல்லும் சுமார் 50 கி.மீ. தூரத்தைக் குறித்த நேரத்தில் கிளம்பும் கான்வாயில் மட்டுமே கடக்க முடியும். கான்வாய் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தால், திரை காட்டும் ‘சேரும் நேரம்’ வெறும் எண். வடக்கே டிக்லிப்பூர் போகிறவர் கான்வாய் நேரத்தைத் தனியே தெரிந்துகொண்டுதான் புறப்பட வேண்டும்.

வரைபடத்தைப் புதுப்பிப்பதுதான் முதல் மேம்பாடு; பலர் தள்ளிப்போடுவதும் அதைத்தான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. 2021இல் மவுண்ட் ஹாரியட் மவுண்ட் மணிப்பூர் ஆனது. 2024 செப்டம்பரில் தலைநகர் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழைய கார்டில் புதுப் பெயரைத் தட்டினால் ‘இல்லை’ என்றே பதில் வரும். பெயரை விடப் பெரிய சிக்கல் பாலம்: பாராடாங்கையும் மத்திய அந்தமானையும் இணைக்கும் ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது வருவதற்கு முந்திய வரைபடம், அங்கே இன்னும் ஃபெர்ரிக்குக் காத்திருக்கச் சொல்லும். கார்டு பல நிறுவனக் கார்களில் அந்தந்த வண்டியோடு பூட்டப்பட்டிருப்பதால், நண்பரின் கார்டை நகலெடுத்துப் போடும் யோசனை பெரும்பாலும் பலிக்காது.

அடுத்து திரையையே மாற்றும் ஆசை. கடையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ அகலமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் மேற்சொன்ன சக்கர, திருப்பச் சென்சார்களோடு அது பேசுவது அரிது. காட்டுக்குள் உதவிய ஊகம் அதோடு போய்விடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒயரை வெட்டி ஒட்டாமல் அந்த மாடலுக்கான கப்ளரைக் கேட்டு வாங்குவது நல்லது. வெட்டிய ஒயரிங் வாரண்டிக்கும் கேடு. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் டேப் சுற்றிய இணைப்பு பச்சை பூத்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். ‘செயற்கைக்கோள் கிடைக்கவில்லை’ என்று திரை அடம்பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியதும் ஆன்டெனா செருகும் முனையைத்தான். பழைய திரையை வைத்துக்கொண்டு, அது ஏற்குமானால் ரிவர்ஸ் கேமரா சேர்ப்பதே செலவுக்கேற்ற பலன் தரும். ஃபெர்ரியில் வண்டியைப் பின்னோக்கி நகர்த்த நேரும்போது அதன் அருமை புரியும்.

டேஷ்கேமரா பொருத்தியவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஜாரவா காப்புக்காட்டுக்குள் படம்பிடிப்பதும் வீடியோ எடுப்பதும் தடை செய்யப்பட்டவை. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி, அவர்களைப் படமெடுத்தால் சிறைத் தண்டனை வரை போகலாம். காரை ஸ்டார்ட் செய்ததுமே தானாகப் பதியத் தொடங்கும் கேமராவுக்கு இது தெரியாது. ஜிர்காடாங்கில் வரிசையில் நிற்கும்போதே அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.