கற்பனைப் பாத்திரமும் உண்மைப் பிள்ளையும்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் தனது 13 வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளைக்குக் காலையில் தலையிடி, பாடசாலையில் நித்திரை, சாப்பாட்டில் விருப்பமில்லை. குருதிப் பரிசோதனையில் குறை எதுவும் இருக்கவில்லை. "இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறனீர்?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். தாய்தான் பதில் சொன்னார்.

"டொக்டர், இவள் விடிய ரண்டு மணி மட்டும் போனிலை ஆரோடையோ கதை எழுதுறாள். எல்லாத்தையும் பிறின்ற் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறன். இதைப் பாருங்கோ."

அவர் நீட்டிய தாள்களில் முதலாவது, ஒரு 'பாத்திரக் குறிப்பு'. இணையத்தில் பாத்திரம் ஏற்று உரையாடும் அறைகளுக்குள் நுழைபவர்கள் முதலில் எழுதவேண்டிய அறிமுகம் அது. இப்படி ஒன்று இருப்பதே எம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. ஆகவே இம்முறை இந்தப் பகுதியில் அதைப்பற்றி எழுதுகிறேன். தாயும் மகளும் சம்மதம் தந்தபின், அவர்களை அடையாளம் காணமுடியாதபடி விபரங்களை மாற்றியே இங்கு தருகிறேன்.

பாத்திரம் ஏற்று உரையாடுவது என்றால் என்ன?

பலர் சேர்ந்து ஒரு கதையை எழுத்தால் நடிப்பதுதான் அது. ஒருவர் அரசியாக, இன்னொருவர் மந்திரவாதியாக, மற்றவர் துப்பறிபவராக இருப்பார். ஒவ்வொருவரும் தமது பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் மட்டும் எழுத, கதை நகரும். நாங்கள் ஊரில் வளவுக்குள் கள்ளன் பொலிஸ் விளையாடியதுதான் இது. வளவு மட்டும் இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது.

இதற்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. உடல்வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, புத்திக்கூர்மை, விவேகம், கவர்ச்சி என்ற ஆறு குணங்களுக்கு அதில் புள்ளிகள் இடுவார்கள். 1978இல் எங்கள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் எழுத்தால் விளையாடக்கூடிய கணினி உலகம் ஒன்றை ஆக்கினார்கள். பின்னர் அரட்டை அறைகள் வந்தன. தவறான பாவனை பற்றிய கவலையால் எம்.எஸ்.என். நிறுவனம் 2003 ஒக்டோபரில் பிரித்தானியாவில் தனது இலவச அரட்டை அறைகளை மூடியது. ஆனால் விளையாட்டு நிற்கவில்லை, இடம்தான் மாறியது. இன்று 2015இல் தொடங்கிய டிஸ்கோர்ட் போன்ற தளங்களில் இவ்வாறான அறைகள் ஏராளம்.

பாத்திரக் குறிப்பில் என்ன இருக்கும்?

பெரும்பாலும் பெயர், வயது, தோற்றம், குணம், திறமைகள், பலவீனங்கள், பின்கதை என்பவை இருக்கும். நல்ல அறைகளில் இன்னொரு பகுதியும் இருக்கும். எழுதுபவர் எந்த விடயங்களைத் தொட விரும்பவில்லை என்பதை அதில் குறிப்பிடலாம்.

இதில் நல்லவை பல உண்டு என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள், இன்னொருவர் மனதில் நின்று யோசிக்கப் பழகுகிறார்கள். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை அங்கே ஒரு படைத்தலைவியாகப் பேசும். திறமை மட்டும் உள்ள பாத்திரம் யாருக்கும் சலித்துவிடும், ஒரு குறையும் ஒரு பயமும் இருந்தால்தான் கதை ஓடும் என்பதை அவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் முகமூடி போட்டவருக்கு நாக்கு இளகும். முகம் தெரியாத இடத்தில் மனிதர்கள் நேரில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறார்கள் என்பதை ஜோன் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் விளக்கி எழுதினார். 2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் ஆகிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். கணினி உலகில் அழகான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் அந்நியரோடு நெருங்கி நின்று, தம்மைப்பற்றிக் கூடுதலாகச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் பேரம் பேசும்போது கூடிய உறுதி காட்டினார்கள். அதாவது, நாம் எழுதும் பாத்திரம் திரும்பி வந்து எம்மையும் கொஞ்சம் மாற்றுகிறது.

அந்தப் பிள்ளை எழுதியது

அவளுடைய பாத்திரம் காட்டில் வாழும் ஒரு வில்வீரி. பெயர் கற்பனை, தோற்றம் கற்பனை. ஆனால் வயது 13. பிறந்தநாள் அவளுடைய சொந்தப் பிறந்தநாள். வாழும் ஊர் அவர்கள் வீடு இருக்கும் ஊர். படமாக அவள் பாடசாலைச் சீருடையில் எடுத்த படத்தின் பாதி.

பின்கதையில் இப்படி இருந்தது. ஒருநாள் இரவு சிப்பாய்கள் வந்து வில்வீரியின் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. வீட்டில் யாரும் அவரைப்பற்றிக் கதைப்பதில்லை. அவருடைய படம் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

இதை வாசித்தபோது நான் தாயைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "என்ரை அண்ணா," என்றார். "நாங்கள் இவளுக்கு ஒண்டுமே சொல்லேல்லை டொக்டர்."

சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் அம்மா ஏன் சமைக்காமல் இருக்கிறார் என்று யோசிக்கிறார்கள். நானும் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன்தான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் மூடிவைப்பதை, அவர்கள் வேறு எங்காவது கொண்டுபோய்த் திறக்கிறார்கள்.

அடுத்த தாள்களில் ஒரு 'மந்திரவாதி' இருந்தார். அவர் முதலில் பின்கதையைப் புகழ்ந்தார். பிறகு, "இதில் எவ்வளவு உண்மை?" என்று கேட்டார். பிறகு, "உன்னை உன் வீட்டார் விளங்கிக்கொள்ளவில்லை, எனக்கு விளங்குகிறது" என்றார். கடைசியாக, மற்றவர்கள் இல்லாத தனி அறைக்கு வரும்படியும், இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

புகழ்ச்சி, துருவல், வீட்டாரிடமிருந்து பிரித்தல், இரகசியம். பிள்ளைகளைத் தவறான நோக்கத்தோடு நெருங்குபவர்கள் திரும்பத் திரும்பப் பாவிக்கும் படிகள் இவை. அவருக்கு வழிகாட்டியது அந்தக் குறிப்புத்தான். எங்கே காயம் இருக்கிறது என்பதைப் பிள்ளை தானே எழுதி வைத்திருந்தாள். நல்லவேளையாக, அவள் தனி அறைக்குப் போகமுன் தாய் கண்டுவிட்டார்.

இங்கிலாந்திலும் வேல்சிலும், 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பாலியல் நோக்கத்தோடு 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் செய்தி எழுதுவதே 2017 ஏப்ரலில் இருந்து குற்றமாகும். "அது வெறும் பாத்திரம்தானே" என்பது சாட்டு ஆகாது. அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து முறைப்பாடு செய்யச் சொன்னேன்.

குறிப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. பாத்திரத்தின் பெயரும் தளத்தில் பாவிக்கும் பெயரும் பிள்ளையின் சொந்தப் பெயரோ, வீட்டுச் செல்லப்பெயரோ ஆக இருக்கக்கூடாது. மற்றத் தளங்களில் பாவிக்கும் அதே பெயரும் வேண்டாம். ஒன்றைப் பிடித்து மற்றதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

2. பிறந்தநாள், ஊர், பாடசாலை, தமிழ்ப் பள்ளி, நடன வகுப்பு, கோயில் எதுவும் வேண்டாம். எமது சமூகம் சிறியது. "இந்த ஊர், பரதநாட்டியம், 13 வயது" என்ற மூன்றுமே ஒரு பிள்ளையை அடையாளம் காட்டப் போதும்.

3. சொந்தப் படம் வேண்டாம். தானே கீறிய படம் மிக நல்லது.

4. தளம் கேட்கும் வயதில் பொய் சொல்லக்கூடாது. டிஸ்கோர்ட்டில் சேரக் குறைந்தது 13 வயது வேண்டும். 18 என்று பொய் சொன்னால், பெரியவர்களுக்கான அறைகள் பிள்ளைக்குத் திறந்துவிடக்கூடும்.

5. பின்கதையில் துயரம் வரலாம். ஆனால் அது பாத்திரத்தின் துயரமாக இருக்கவேண்டும். எழுதும்போது பிள்ளைக்கு அழுகை வந்தால், அது ஓர் அந்நியரிடம் போகமுன் வீட்டில் ஒருவரிடம் வரவேண்டிய கதை.

6. எவற்றைத் தொடக்கூடாது என்பதைக் குறிப்பிலேயே எழுதலாம். காதற்காட்சி வேண்டாம், சித்திரவதை வேண்டாம், தனிச்செய்தி வேண்டாம் என்று ஒரு வரி போதும். அதை மதிக்காதவரோடு கதையைத் தொடரவேண்டிய அவசியமில்லை.

7. பாத்திரத்துக்குள்ளே பேசுவது வேறு, வெளியே பேசுவது வேறு. பல அறைகளில் வெளியே பேசுவதை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். பாத்திரத்தைவிட்டு எழுதுபவரைப் பற்றியே ஒருவர் ஓயாமல் கேட்டால், அது எச்சரிக்கை.

8. ஒருவரின் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை மற்றவர் எழுதக்கூடாது என்பது இந்த விளையாட்டின் பழைய விதி. இதைப் பிள்ளைக்கு விளக்குங்கள். "என் சம்மதமில்லாமல் எனக்கு ஒன்றும் நடக்கக்கூடாது" என்பது வாழ்க்கைக்கும் உதவும் பாடம்.

மறுபக்கத்தில் மனிதரே இல்லாவிட்டால்?

இப்போது செயற்கை நுண்ணறிவால் இயங்கும் பாத்திரங்களோடும் பிள்ளைகள் உரையாடுகிறார்கள். அவை களைப்பதில்லை, கோபிப்பதில்லை, "போய்ப் படு" என்று சொல்வதுமில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், இவ்வாறான ஒரு பாத்திரத்தோடு மாதக்கணக்கில் உரையாடிவந்த 14 வயதுச் சிறுவன் 2024 பெப்ரவரியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். தாய் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தார். அந்தக் கரெக்டர் ஏஐ நிறுவனம் 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டற்ற உரையாடலை நிறுத்தியது. கவலையில் உள்ள பிள்ளைக்கு இது துணை என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

எப்போது வைத்தியரிடம் வரவேண்டும்?

13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழும்பினால் தலையிடி வராமல் என்ன செய்யும்? எல்லோருடைய கைத்தொலைபேசிகளும் இரவில் குசினியில் மின்னேற்றப்படட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான்.

விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீமை வந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் வழமையாக ஓராண்டளவு நீடித்தால், உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. ஆனால் ஓராண்டு காத்திருக்கவேண்டாம். நித்திரை, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் என்பவற்றில் மாற்றம் தெரிந்தாலே குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். பிள்ளை தனியாகவும் வைத்தியரோடு கதைக்கலாம். தன்னைத்தானே காயப்படுத்துவதாகவோ, சாக விரும்புவதாகவோ சொன்னால் அன்றே வாருங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

பிரித்தானியாவில் பிள்ளைகள் சைல்ட்லைனை 0800 1111 என்ற இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். இணையத்தில் தவறாக நெருங்கியவர் பற்றி, தேசிய குற்றவியல் முகவர் அமைப்பின் சியோப் பிரிவுக்கு இணையத்தில் முறைப்பாடு செய்யலாம்.

பிறகு என்ன நடந்தது?

தாய் முதலில் தொலைபேசியை உடைக்கப்போவதாகத்தான் சொன்னார். உடைத்தால் பிள்ளை இன்னொருவரின் தொலைபேசியில் எழுதுவாள், அடுத்த முறை உங்களுக்குத் தெரியவராது என்றேன். ஏச்சு விழும் என்ற பயம்தான் அந்த 'மந்திரவாதி' போன்றவர்களுக்குப் பெரிய பலம்.

ஆறு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். தலையிடி குறைந்திருந்தது. தாய் பெட்டியைத் திறந்து படத்தைக் காட்டியிருக்கிறார். அண்ணா என்ன பாட்டு விரும்பிக் கேட்பார், எப்படிச் சைக்கிள் ஓடுவார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். படம் இப்போது வரவேற்பறையில் இருக்கிறதாம். வில்வீரிக்குப் புதிய குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஊரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. மாமாவும் அதில் இல்லை. "அவரை அவைக்குச் சொல்லத் தேவையில்லை," என்றாள் பிள்ளை.

உங்கள் வீட்டிலும் ஒரு வில்வீரியோ மந்திரவாதியோ இருக்கலாம். இன்றிரவு சாப்பிடும்போது, ஏசாமல், "உன்ரை ஆளின்ரை பேர் என்ன?" என்று கேட்டுப்பாருங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.