எந்த ஷாஃப்ட்டு?

எங்கள் லைன் வீட்டில் டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆயா விடமாட்டாள். பலகையில் தனித்தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "ஏர் பிளாஸ்ட் வந்தா எல்லாம் உருண்டு நசுங்கும், யாரு தட்டுறது?" என்பாள்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். அடியிலிருந்து ஓர் உறுமல் எழும், ஜன்னல் படபடக்கும், டம்ளர்கள் கிணுகிணுக்கும். இரண்டு மூன்று நொடிதான். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். எதிர்வீட்டைப் பார்த்து ஒரே கேள்வி: "எந்த ஷாஃப்ட்டு?" எந்தச் சுரங்கக் குழியில் என்று அர்த்தம். நைனா அப்போது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிஃப்ட்டில் இருப்பார்.

பெயர்தான் ஏர் பிளாஸ்ட், வெடிப்பது பாறை. வெடித்த வேகத்தில் சுரங்கப் பாதையில் உள்ள காற்றையும் அது அடித்துத் தள்ளும்.

சாம்பியன் ரீஃப் 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை போன சுரங்கம். கீழே பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் மேலே உள்ள பாறையின் எடையாக 8,000 டன்னுக்கு மேல் தாங்குகிறது. தங்கம் கலந்த குவார்ட்ஸை வெட்டி எடுத்துவிட்டால் அந்தச் சுமை எங்கே போகும்? பக்கத்துப் பாறையின் மேல் ஏறிக்கொள்ளும். களிமண்ணாக இருந்தால் மெல்லப் பிதுங்கி இடம் கொடுத்திருக்கும். கோலார்ப் பாறை கெட்டி. அமுக்கிய ஸ்பிரிங் போல அத்தனையையும் உள்ளே சேர்த்துவைத்து, தாங்க முடியாத கட்டத்தில் ஒரே நொடியில் சிதறும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. பாதுகாப்புக்கென்று வெட்டாமல் விட்டுவைத்த பாறைத் தூண்களே வெடித்தன. சுற்றிலும் வெட்ட வெட்ட, சுமை முழுக்கத் தூணின் தலையில் விழுந்தது. பின்னாளில் தூண் விடுவதைக் குறைத்து, வெட்டிய பள்ளத்தில் கருங்கல்லை அடுக்கி நிரப்பினார்கள். இரு பக்கச் சுவர்களும் நெருங்கிவராமல் அது தாங்கிப் பிடித்தது.

வாசலில் கேட்ட கேள்விக்கும் அறிவியலில் பதில் இருக்கிறது. கெட்டிப் பாறையில் அதிர்வு நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். 3 கிலோமீட்டர் கீழே வெடித்தால் அரை நொடியில் மேலே தெரிந்துவிடும். பல இடங்களில் கருவிகளை வைத்து, எது முதலில் உணர்ந்தது, மற்றவை எவ்வளவு பிந்தின என்று கணக்குப் போட்டால் வெடித்த இடம் கிடைத்துவிடும். தங்கவயலில் அந்தக் கருவிகள் இருந்தன. ஆனால் அடிபட்ட ஆள் பேர் தெரிய, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நாங்கள் பயந்த அதே பாறைச் சுமையைத் தேடி விஞ்ஞானிகளும் வந்தார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களை அது பெரும்பாலும் வடிகட்டிவிடும்; நியூட்ரினோ தடையின்றி ஊடுருவி வரும். 1965-இல் சாம்பியன் ரீஃப்பில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழக, டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகில் அப்படிப் பதிவானவற்றில் முதல் வரிசை அது. எங்கள் லைனில் அதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் ஏறி, நைனா இறங்கிய ஆழமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது.