கணிப்பொறி இயங்குதளம்: செலவும் பயனும்

அரசு அலுவலகமாயினும் பள்ளியாயினும், கணிப்பொறி வாங்கும்போது அதன் வேகம், நினைவகத்தின் அளவு, விலை ஆகியவை கூர்ந்து ஆராயப்படுகின்றன. ஆனால் அப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தைப் பற்றி ஆராய்வோர் குறைவு. பொறியோடு வருவது என்று கருதி அதனை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம். பொதுப் பணத்தில் வாங்கிய பொறி எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பது இத்தேர்வையும் பொறுத்தது.

மூவகைத் தளங்கள்

விசைப்பலகை, திரை, நினைவகம், அச்சுப்பொறி ஆகியவற்றை ஒருங்கிணைத்து, பிற மென்பொருள்கள் இயங்க வழிசெய்வது இயங்குதளத்தின் பணியாகும். மேசைக் கணிப்பொறிகளில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ், ஆப்பிளின் மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. முதல் இரண்டும் நிறுவனங்களின் உடைமை. லினக்ஸோ, ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

செலவுக் கணக்கு

விண்டோஸின் உரிமக் கட்டணம் பெரும்பாலும் பொறியின் விலையிலேயே அடங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேக்ஓஎஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அது ஆப்பிள் பொறிகளுக்கென்றே வழங்கப்படுவது. லினக்ஸின் பல வடிவங்களை விலையின்றிப் பெறலாம். எனினும் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கொள்ளலாகாது. ஊழியர்களுக்குப் பயிற்சி, பராமரிப்பு, பழைய ஆவணங்களை மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

பலரும் கணக்கில் கொள்ளாத மற்றொரு செலவும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிவடைந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பொறியில் மக்களின் ஆவணங்களை வைத்திருப்பது ஆபத்தானது. விண்டோஸ் 11-க்கோ குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் தேவை. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய பொறிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. இத்தகைய பொறிகளில் பெரும்பாலானவற்றை லினக்ஸ் கொண்டு மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலும். லினக்ஸ் பதிப்புகளுக்கும் ஆதரவுக் காலவரம்பு உண்டு. ஆனால் அடுத்த பதிப்புக்கு மாறப் பொதுவாக உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

எளிமையும் நோக்கமும்

எளிமை என்பது பெரிதும் பழக்கத்தைச் சார்ந்தது. விண்டோஸில் பழகியவருக்கு அதுவே எளிது. கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் அதில்தான் தடையின்றி இயங்குகின்றன. ஆனால் அரசுச் சேவைகள் பல உலாவி வழியாகவே நடைபெறுவதால், கடிதம் எழுதுதல், இணைய விண்ணப்பம் போன்ற பணிகளில் வேறுபாடு சுருங்கிவிட்டது. யூனிகோடு முறையிலான தமிழ் மூன்றிலும் இயங்குகிறது. படத்தொகுப்பு, வடிவமைப்பு ஆகிய துறைகளில் மேக்ஓஎஸ் விரும்பப்படுகிறது. வழங்கிகளில் லினக்ஸ் பெருவழக்காக உள்ளது. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 நவம்பர் பட்டியலிலேயே லினக்ஸில் இயங்கின.

அனுபவம் கற்பிப்பவை

மைய அரசு 2015-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கையின்படி, மின்னாளுமைப் பணிகளுக்கான ஒப்பந்தக் கோரிக்கைகளில் திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்குமாறு கேட்க வேண்டும். அதனை விலக்கும் வழங்குநர் காரணம் கூற வேண்டும். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம் இந்திய மொழிகள் பலவற்றுக்கு இடமளிக்கிறது.

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர்ப் பள்ளிக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர் பயிற்சியும் பாடநூல்களும் அதற்கேற்ப அமைக்கப்பட்டன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியோ 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவுசெய்து, ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றிய பின்னும், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. வெளி அலுவலகங்களோடு ஆவணப் பரிமாற்றத்தில் நேர்ந்த இடர்ப்பாடுகள் அங்கு விவாதத்துக்குள்ளாயின. இயங்குதள மாற்றத்திற்குப் பயிற்சியும் ஆவணப் பொருத்தமும் இன்றியமையாதவை என்பதை இவ்விரு அனுபவங்களும் உணர்த்துகின்றன.

ஆகவே கொள்முதலுக்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது நலம். இப்பொறியில் நடைபெறவிருக்கும் பணி எது? அதற்கு இன்றியமையாத மென்பொருள் எத்தளத்தில் இயங்கும்? ஆதரவுக் காலம் முடிந்தபின் பொறியின் கதி என்ன? விண்டோஸுக்கென்றே அமைந்த கணக்கு மென்பொருள் தேவைப்படும் பிரிவில் விண்டோஸை வைத்துக்கொள்ளலாம். வகுப்பறைக்கும் பொது நூலகத்திற்கும் லினக்ஸ் போதுமானதாக இருக்கலாம். அலுவலகம் முழுவதற்கும் ஒரே தளம் வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆவணங்களைத் திறந்த தர வடிவங்களில் சேமித்து வைத்தால், நாளை எத்தளத்திற்கு மாறினாலும் அவற்றைத் திறந்து படிக்க இயலும்.