உங்களுக்குத் தெரியுமா? மிக்சியின் பலம் வாட்டில் மட்டும் இல்லை

1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மன் மிக்சி, நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் எரிந்துபோனது. சீமென்ஸில் பொறியாளராக இருந்த கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், இந்தியச் சமையலுக்கு ஈடுகொடுக்கும் மோட்டாரை உருவாக்க இறங்கினார். 1963-இல் ‘சுமீத்’ மிக்சி பிறந்தது.

இன்று ஹோட்டல் மிக்சியை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் தேடுவதும் அந்தப் பலத்தைத்தான். ஆனால் வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது எவ்வளவு நன்றாக அரைக்கும் என்பதன் அளவு அல்ல. பல வீட்டு மிக்சிகளின் அடித்தகட்டில் ‘30 நிமிடம்’ என்றிருக்கும். 5 நிமிடம் ஓட்டி, 2 நிமிடம் நிறுத்தி ஓட்டினால்தான் அந்த 30. வணிக ரகங்கள் இதைவிட நீண்ட உழைப்புக்காகக் கட்டப்பட்டவை. ஜாரும் பெரியது, கால் மூடித் தேங்காய் போட்டால் பிளேடில் சிக்காமல் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். நான்கு பேர் வீட்டுக்கு 750 வாட், நல்ல சட்னி ஜார், பக்கத்திலேயே சர்வீஸ்: இதையே நான் சொல்வேன். இட்லி மாவுக்குக் கல் கிரைண்டர்தான். மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறாது.

1,400 வாட்தான் வேண்டுமென்றால் முதலில் சுவரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் போதாது, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தேவை.