கத்தினால் கறுப்புக் கொடி: ரேஸ் காரின் சத்தத்தை அடக்குவது எப்படி?

நம்மூரில் கறுப்புக் கொடி என்றால் போராட்டம். கார் ரேஸில் அதற்கு வேறு அர்த்தம்: "உடனே உள்ளே வா". ஆபத்தாக ஓட்டினாலோ, வண்டியில் கோளாறு என்றாலோ ஓட்டுநருக்கு இந்தக் கொடியைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள லகுனா செகா பந்தயத் தடத்தில் இன்னொரு காரணத்துக்காகவும் அது உயரும். வண்டி நன்றாக ஓடும், ஓட்டுநரும் ஒழுங்காக ஓட்டுவார். ஆனாலும் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். காரணம், எக்ஸாஸ்ட் சத்தம்.

அந்தத் தடத்தின் 5-வது வளைவைத் தாண்டினால் மேடு. 6-வது வளைவு வரை எல்லோரும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் இடம். சத்தத்தை அளக்கும் கருவியும் அங்கேதான் இருக்கிறது. அமெச்சூர் ஓட்டுநர்கள் வரும் பெரும்பாலான நாட்களில் அனுமதி 90 அல்லது 92 டெசிபல்தான். மீண்டும் மீண்டும் தாண்டினால், கட்டிய பணமும் போட்ட விடுமுறையும் வீண். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

லகுனா செகா 1957-ல் திறக்கப்பட்டது. தடத்தின் உரிமையாளர் மான்டரே கவுண்டி நிர்வாகம். சுற்றுவட்டாரத்தில் வீடுகள் இருக்கின்றன. தடத்தின் சத்தத்தையும் போக்குவரத்து நெரிசலையும் எதிர்த்து, உள்ளூர்வாசிகளின் அமைப்பு ஒன்று 2023-ல் வழக்கே போட்டது.

இது அந்த ஒரு தடத்தின் கதை மட்டுமல்ல. கனெக்டிகட் மாகாணத்தின் லைம் ராக் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கிடையாது. அக்கம்பக்கத்தினர் தொடர்ந்த வழக்கில் 1959-ல் வந்த நீதிமன்ற உத்தரவின் விளைவு அது. இங்கிலாந்தின் கிராஃப்ட் தடத்துக்கு, சத்தம் அதிகமுள்ள நாட்கள் ஆண்டுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரம்பு போட்டது.

ஆக, ஒரு காரின் சத்தம் அந்த ஓட்டுநரின் சொந்த விஷயம் இல்லை. ஒருவர் கத்திக்கொண்டு ஓடினால், அடுத்த வருடம் எல்லோருக்கும் சேர்த்துத் தடத்தின் கதவு மூடப்படலாம்.

6 டெசிபல்தானே என்று நினைத்தால்...

98 டெசிபலில் இருக்கும் காரை 92-க்குக் கொண்டுவர வேண்டும். "ஆறுதானே, சுலபம்" என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி வேலை செய்யாது. 3 டெசிபல் குறைய, ஒலியின் ஆற்றல் பாதியாக வேண்டும். 6 குறைய, கால்வாசி ஆக வேண்டும். இவ்வளவு மெனக்கெட்ட பிறகும் காதுக்குப் பாதிச் சத்தம்கூடக் குறைந்ததாகத் தெரியாது. பாதியாகத் தெரிய சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காரில் சத்தம் போடுவது எக்ஸாஸ்ட் மட்டுமல்ல. காற்றை இழுக்கும் இன்டேக், இன்ஜின், டயர் எல்லாம் சேர்ந்துதான் மொத்தச் சத்தம். உதாரணமாக, எக்ஸாஸ்ட் 98, மற்றவை எல்லாம் சேர்த்து 90 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 188 வராது, 98.6 டெசிபல்தான் வரும். மற்றவற்றை அடியோடு ஒழித்தாலும் 98-தான். பைசா பிரயோஜனமில்லை.

எக்ஸாஸ்டை மட்டும் 10 டெசிபல் குறைத்து 88 ஆக்கினால், மொத்தம் சுமார் 92.1. அடேயப்பா என்று சொல்லலாம். ஆனால் 92 வரம்பை இன்னும் மயிரிழையில் தாண்டுகிறது! இப்போது எக்ஸாஸ்டைவிட மற்றவைதான் பெரிய ஆள். இனி சைலன்சருக்கு மேல் சைலன்சர் போட்டாலும் பெரிய பலன் இருக்காது. ஏர் ஃபில்டரை மூடிய பெட்டிக்குள் வைப்பதுதான் அடுத்த வேலை. எப்போதும் அதிகம் கத்துவதை முதலில் பிடிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

சைலன்சருக்குள் என்ன நடக்கிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்-ல் ஓடும்போது, விநாடிக்கு 200 முறை எக்ஸாஸ்ட் வாயு குழாய்க்குள் வெடித்துப் பாய்கிறது. அந்த 200 ஹெர்ட்ஸ் துடிப்பும், அதன் மடங்குகளும், வாயு வேகமாகப் போகும் சீறலும் சேர்ந்ததுதான் ரேஸ் கார் சத்தம். அதை அடக்க இரண்டு முக்கிய வழிகள்.

முதலாவது, உறிஞ்சுவது. சைலன்சரின் நடுவே ஓட்டைகள் போட்ட நேர்க் குழாய், சுற்றிலும் கண்ணாடி இழை அல்லது பசால்ட் இழை. ஒலி அலை ஓட்டை வழியாக இழைக்குள் புகுந்து உராய்ந்து, வெப்பமாக மாறிக் கரைகிறது. கரகரவென்ற உச்சஸ்தாயிச் சத்தத்துக்கு இது நல்ல மருந்து. சைலன்சர் நீளமாகவும் பருமனாகவும் இருந்தால் பலன் அதிகம்.

இரண்டாவது, அலையை அலையால் அடிப்பது. அறைகள் உள்ள சைலன்சரும் ரெசொனேட்டரும் ஒலி அலையைத் திருப்பி அனுப்பி, வரும் அலையோடு மோதவிடுகின்றன. மேடும் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் சமமாகிவிடும். மெயின் குழாயிலிருந்து பிரியும் ஒரு பக்கக் குழாயின் முனையை அடைத்துவிட்டாலே இது நடக்கும். சுமார் 500 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 557 மீட்டர். 200 ஹெர்ட்ஸை அடக்க, பக்கக் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 70 சென்டிமீட்டர். வயிற்றைக் கலக்கும் 'தம்தம்' சத்தத்துக்கு இந்த வகைதான் சரி.

பவர் போய்விடாதா?

ஓட்டுநர்கள் சைலன்சருக்குப் பயப்படுவதே இதனால்தான். இன்னொரு பக்கம், "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் இன்ஜின் இழுக்கும்" என்ற பேச்சும் உண்டு. இரண்டுமே முழு உண்மை இல்லை.

வாயு வெளியேறத் தடை இருந்தால் இன்ஜினுக்கு நஷ்டம்தான். உதவி செய்வது குழாயில் ஓடும் அழுத்த அலை. சரியான நேரத்தில் திரும்பி வந்தால், அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சி இழுக்கும். இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இன்ஜினை ஒட்டிய குழாய்களின் நீளமும் விட்டமும். அவை ஒன்றுசேர்ந்த இடத்துக்கு அப்பால், பின்னால் தள்ளிப் பொருத்திய நேர்வழி சைலன்சர், குழாயின் விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால், பவர் இழப்பு மிகக் குறைவு. உண்மையான செலவு, கூடுதலாகச் சில கிலோ எடையும், காருக்கு அடியில் பிடிக்கும் இடமும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் லீக். குழாய் இணைப்பில் கேஸ்கெட் போயிருந்தாலோ, வெல்டிங்கில் விரிசல் இருந்தாலோ சத்தம் சைலன்சருக்குப் போகாமல் வழியிலேயே கிளம்பிவிடும். அடுத்து, பழைய சைலன்சரின் இழை. ரேஸ் வெப்பத்தில் அது எரிந்து, துகளாகிப் பறந்துவிடும். போன வருடம் பாஸான கார் இந்த வருடம் மாட்டுவதற்கு இது முக்கியக் காரணம். இழையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். பிறகு, பெரிய சைலன்சர் ஒன்று, அல்லது வரிசையாக இரண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சத்தத்தைக் குறைக்கும் என்பதால், அதைக் கழற்றும் முன் யோசிப்பது நல்லது.

ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இங்கிலாந்தில் வழக்கமான முறை: குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தூரம், 45 டிகிரி கோணம், இன்ஜின் உச்ச வேகத்தில் முக்கால் பங்கு. இந்த எண்ணைத் தடத்தின் ஓரத்தில் எடுக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது; திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் ஒரே இடம், ஒரே கருவி என்றால், மாற்றம் பலித்ததா என்று சொல்லிவிடும்.

குறுக்கு வழி பலிக்குமா?

குழாய் முனையில் வளைவு போட்டுக் கருவிக்கு எதிர்ப்பக்கம் திருப்புவது பலருக்கும் தெரிந்த தந்திரம். உச்சஸ்தாயி ஒலி முனை பார்க்கும் திசையிலேயே அதிகம் போவதால், எண் சற்றுக் குறையும். கருவியைத் தாண்டும்போது மட்டும் காலை எடுப்பது இன்னொன்று. அதில் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் போகும்.

இரண்டுமே கருவியை ஏமாற்றும், ஊரை ஏமாற்றாது. 'ஏ' அளவுகோலில் அளக்கும் கருவி, மனிதக் காதைப் போலவே தாழ்ந்த ஒலிக்குக் குறைந்த மதிப்பெண்தான் தரும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்தே கணக்கிடும். ஆனால் காற்றில் கரையாமல் நெடுந்தூரம் போவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். கருவியில் பாஸான காரின் 'தம்தம்' மலைக்கு அப்பால் இருக்கும் வீட்டு ஜன்னலைத் தட்டலாம்.

அந்த வீட்டுக்காரருக்கு 92 என்ற எண் முக்கியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர முடிகிறதா என்பதுதான் முக்கியம். அவர் நிம்மதியாகத் தூங்கும்வரை, தடம் திறந்திருக்கும்.